ஸ்டடி போடறது பத்தி எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க

பழைய வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டு மொட்ட மாடில ஞாயித்துக்கெழம காலைல பெயிண்டிங் கத்துக்க கொஞ்ச பேரு வர்றாங்க. ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கறவங்க, அட்மிஷனுக்கு ரெடியாகறவங்க, வேலைலேந்து ரிடையர் ஆகி இப்பதான் பிரஷ்ஷ புடிச்ச ஒரு பெரியவரு, இப்படி கலந்துதான் இருப்பாங்க. வருஷக்கணக்கா எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட அதே சந்தேகந்தான், நானும் தனித்தனியா பதில் சொல்லிகிட்டு இருந்தேன், இப்ப ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அக்கா, ஸ்டடின்னா இன்னா? ஸ்கெட்ச்சும் அதுவும் ஒண்ணுதானே?

ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒக்கார்ற மனசு வேற. கண்ணுல பட்டது புடிச்சிருந்துச்சு, சட்டுனு நோட்ல போட்டுகிட்டேன்னா அது ஸ்கெட்ச். ஸ்டடின்னா ஒக்கார்றதுக்கு முன்னாடியே கையில ஒரு கேள்வி இருக்கணும், ஒரே ஒரு கேள்வி. உதாரணத்துக்கு வீட்ல இருக்கற பித்தள சொம்பு. இன்னிக்கு அதோட நெழல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு மட்டும் பாக்கறேன், நாளைக்கு பக்கத்துல செவப்பு துணிய வெச்சா சொம்போட மஞ்சள் என்ன ஆகுதுன்னு மட்டும் பாக்கறேன். ஷேப்பு, ஷேடு, கலரு, பளபளப்பு எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல கேட்டா எதுக்குமே பதில் வராது.

இங்கிலாந்துல ஜான் கான்ஸ்டபிள்னு ஒரு லேண்ட்ஸ்கேப் பெயிண்டர், 1821, 1822 ரெண்டு வருஷமும் லண்டன் பக்கத்துல ஹாம்ப்ஸ்டெட்ல நின்னுகிட்டு வெறும் மேகத்த மட்டும் பேப்பர்ல ஆயில்ல போட்டு தள்ளியிருக்காரு. நெறைய படத்துக்கு பின்னாடி தேதி, எத்தன மணி, காத்து எந்தப் பக்கம்னு எழுதி வெச்சிருக்காரு. அந்த பின்பக்க எழுத்துதான் எனக்கு ரொம்ப புடிச்சது. எங்க கிளாஸ்லயும் ஒவ்வொரு ஸ்டடிக்கு பின்னாடியும் மூணு விஷயம் எழுதியே ஆகணும்: தேதி, நேரம், அன்னிக்கு கேட்ட கேள்வி.

ஒரு நாளைக்கு எத்தன போடணும்?

கணக்கு வெச்சுக்காதீங்க. அர மணி நேரத்துல ஒண்ணு, தெனமும் இல்லன்னாலும் வாரத்துல நாலு நாள் போதும். ஞாயித்துக்கெழம மட்டும் ஆறு மணி நேரம் ஒக்கார்றதவிட இதுல கை சீக்கிரம் பழகுது, இத நான் நெறைய பேர்கிட்ட பாத்துட்டேன்.

பேப்பரு கலரு எல்லாம் வெல ஏறிப்போச்சு, இவ்ளோ ப்ராக்டிஸ் பண்ண காசுக்கு எங்க போறது?

ஸ்டடிக்கு நல்ல பேப்பர் வாங்காதீங்க, வாங்கினா கை பயப்படும், பேப்பர் வீணாப்போகுமோன்னு தடவித் தடவி வரைவீங்க. நம்ம பாரிஸ் கார்னர்ல ஆண்டர்சன் தெருவுக்குப் போனா வரிசையா பேப்பர் கடைங்கதான், கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டின துண்டு, பிரவுன் பேப்பர் எல்லாம் கெடைக்கும். பிரவுன் பேப்பர்ல ஒரு லாபம் இருக்கு, பேப்பரே நடு டோனா, அதாவது ரொம்ப வெளிச்சமாவும் இல்லாம ரொம்ப இருட்டாவும் இல்லாம இருக்கறதால கரியால இருட்ட போட்டு வெள்ள சாக்பீஸ்ல வெளிச்சத்த மட்டும் தொட்டா போதும், பாதி வேலைய பேப்பரே பாத்துக்கும்.

கலர்ல போஸ்டர் கலர் நாலு டப்பா: மஞ்சள் ஓக்கர், ஒரு செவப்பு, கருப்பு, வெள்ள. ஸ்வீடன் பெயிண்டர் ஆண்டர்ஸ் சோர்ன் பேர்ல சொல்ற பேலட் கிட்டத்தட்ட இதேதான். கருப்புல வெள்ளய கலந்து செவப்பு பக்கத்துல வெச்சுப் பாருங்க, நீலம் மாதிரியே தெரியும். நாலு டப்பாவுல இவ்ளோ கெடைக்கும்போது இருவத்தினாலு கலர் செட்ட அவசரப்பட்டு வாங்க வேணாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, போஸ்டர் கலர் காஞ்சா மாறும், வெளிர் கலர் கொஞ்சம் அடங்கும், இருட்டு கலர் கொஞ்சம் வெளுக்கும், அதனால பேப்பர் ஓரத்துல தொட்டு காயவிட்டுப் பாத்துட்டு போடுங்க.

பென்சில்லயே மாசக்கணக்குல போட்டாதான் கலர் தொடணுமா?

அப்படி ஒரு வேலியும் கெடையாது. ஆனா வெளிச்சம் இருட்டு புரியாம கலர தொட்டா அத்தனையும் ஒரே மட்டத்துல கத்தும், எத பாக்கறதுன்னே தெரியாது. அதுக்கு கண்ண பாதி மூடிப் பாக்கற பழக்கம் வேணும், சின்ன சின்ன விவரமெல்லாம் போயி நாலஞ்சு பெரிய திட்டா மட்டும் தெரியும், அந்தத் திட்ட மட்டும் மூணு டோன்ல போடுங்க. நம்ம ஊர்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வானம் நீலமாவே இருக்காது, வெளுத்துப் போயிருக்கும், அந்த வெளுப்புக்கு எதிர்ல தண்ணி டேங்க், டவர், மாடிப்படி எல்லாம் எவ்ளோ இருட்டா நிக்குதுன்னு பாத்தாலே டோன் பாடம் பாதி முடிஞ்சுது.

காசிமேடு மீன்பிடி துறைமுகம் போறவங்க காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ரெண்டு தடவ போங்க. காலைல சூரியன் கடல் பக்கத்துலேந்து வர்றதால போட்டெல்லாம் கருப்பு உருவமா நிக்கும், சாயங்காலம் அதே போட்டு மேல வெளிச்சம் ஊர் பக்கத்துலேந்து விழும்போதுதான் பெயிண்ட், துரு, கயிறு எல்லாம் பேசும். அதே போட்டுதான், ஆனா ரெண்டு வேற படம்.

ஆளுங்கள வரையணும், மாடலுக்கு எங்க போறது? காசு குடுத்தா கூட யாரும் ஒக்கார மாட்டேங்கறாங்க

ரயில்வே கேட்டுக்குப் போங்க. இத வெளையாட்டுக்கு சொல்லல. கொருக்குப்பேட்ட கேட்டு மூடினா கூட்ஸ் போயி முடியற வரைக்கும் யாரும் எங்கயும் போக முடியாது, பைக்ல ஒத்தக் கால ஊனி நிக்கறவரு, சைக்கிள் கேரியர்ல கேனு வெச்சிருக்கறவரு, இடுப்புல கொழந்தய மாத்தி மாத்தி வெச்சுக்கற அம்மா, எல்லாரும் அவங்க ஒடம்போட பாரத்த எதுலயோ சாச்சுகிட்டு நிப்பாங்க. நீங்க பாக்க வேண்டியது மூஞ்சி இல்ல, அந்த பாரம் எந்தக் கால்ல எறங்குதுன்னுதான். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம், கழுத்துக் குழிலேந்து நேரா கீழ ஒரு கோடு விட்டா அது எந்த பாதத்துகிட்ட வந்து விழுதுன்னு பாருங்க. அது தப்பாச்சுன்னா மூஞ்சி எவ்ளோ அழகா வந்தாலும் ஆளு விழற மாதிரியே இருப்பாரு.

நகராத மாடல் வேணும்னா மெரினா பீச்சுக்குப் போயி தேவி பிரசாத் ராய் சௌத்ரியோட உழைப்பாளர் சிலைய சுத்திச் சுத்தி வரைங்க. நம்ம சென்னை ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ்ல பிரின்சிபாலா இருந்தவரு செஞ்சது, 1959-லேந்து அங்க நிக்குது. நாலு பேரு பாறைய தள்றாங்க, ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரி முட்டுக் குடுக்குது. முதுகுப் பக்கம் போயி வரைங்க, எல்லாரும் முன்பக்கம் நின்னு போட்டோ புடிச்சுட்டு போயிடறாங்க.

ரோட்ல ஒக்காந்து வரஞ்சா சுத்தி நின்னு பாக்கறாங்க, பொண்ணா இருக்கறதால இன்னும் கஷ்டமா இருக்கு

எனக்கும் மொத ரெண்டு வருஷம் இருந்துச்சு. பெரிய போர்டு, ஈசல் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, உள்ளங்கை அளவு நோட்டும் ஒரு பால் பாயிண்ட் பேனாவும் போதும், பாக்கறவங்களுக்கு கணக்கு எழுதற மாதிரி இருக்கும். முதுகுக்கு பின்னாடி சுவரு இருக்கற எடமா பாத்து ஒக்காருங்க. மொத மொறை தனியா போகாம ஒரு ஆள கூட கூட்டிட்டுப் போங்க. டீக்கடைல தெனமும் ஒரே நேரத்துல போயி ஒரு டீ வாங்கிட்டு ஒக்காந்தா ஒரு வாரத்துல கடைக்காரரே வேடிக்க பாக்கறவங்கள நகரச் சொல்வாரு. துறைமுகம், ரிஃபைனரி மாதிரி காவல் இருக்கற எடத்து வாசல்ல மட்டும் கேக்காம நோட்ட எடுக்காதீங்க.

எல்லாம் பண்றேன், ஆனா என்ன படம் பண்றதுன்னே தெரியல. ஐடியா வரவே மாட்டேங்குது

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பிச்சேன். ஐடியா மொதல்ல தலைல முழுசா வந்துடும், அப்புறம் ஸ்டடி போட்டு அத படமாக்கணும்னு நெனச்சுகிட்டு காத்துகிட்டு இருக்காங்க, எத்தனையோ நல்ல கைங்க இப்படி காத்துகிட்டே ஓஞ்சு போனத பாத்திருக்கேன். என் அனுபவத்துல அது தலைகீழா நடக்குது, அத ஒரு படத்த வெச்சே சொல்றேன்.

மேல சொன்ன அதே கேட்டு. நான் போனப்போ மனசுல இருந்தது ரொம்ப சாதாரணமான ஒண்ணு, 'காத்திருக்கும் மக்கள்', கூட்டமா ஆளுங்க, பின்னாடி ரயிலு. பத்து பதினஞ்சு நாள் ஆளுங்களையே போட்டேன், சலிச்சுப் போச்சு, சரி கால மட்டும் பாக்கலாம்னு செருப்பு, பெடல், ஷூ, வெறும் பாதம்னு கால் ஸ்டடியா போட்டேன். அதுல ஒரு நாள் சாயங்காலம் ஒரு பாதத்த போடறதுக்குள்ள அது மேல இருந்த வெளிச்சம் போயி திரும்ப வந்துச்சு, ஏன்னு நிமிந்து பாத்தேன். ரயில் லைனு அங்க வடக்கு தெக்கா போகுது, நான் கெழக்குப் பக்கம் நிக்கறேன், சூரியன் மேக்க எறங்கிடுச்சு, ரெண்டு பெட்டிக்கு நடுவுல இருக்கற சந்து வழியா வர்ற வெளிச்சம் பட்ட பட்டையா எல்லார் மேலயும் ஓடுது. மூடின வேகன் போகும்போது மெல்லிசா ஒரு கீத்து, டேங்கர் வேகன் போகும்போது உருண்டைக்கு மேலயும் கீழயும் அகலமா ஒரு வீச்சு. அத்தன வருஷம் அந்த கேட்ல நின்னிருக்கேன், பாத்ததே இல்ல.

அதுக்கப்புறம் வந்த ஸ்டடி எல்லாம் அந்தப் பட்டைய பத்தினது. அது மூக்கு மேல எப்படி ஒடியுது, பட்டைக்குள்ள தோலு ஆரஞ்சா இருந்தா வெளிய அதே தோலு ஏன் சாம்பலா தெரியுது, அஞ்சு பேருல எத்தன பேரு மேல பட்ட விழணும், இப்படியே போச்சு. தீப்பெட்டி அளவுல இருவது முப்பது தம்ப்நெயில் போட்டப்புறம் தெரிஞ்சுது, படத்துல ரயிலே தேவையில்லன்னு. மூஞ்சிங்க மட்டும், அது மேல ஓடற வெளிச்சம் மட்டும். வீட்ல ஒக்காந்து நூறு நாள் யோசிச்சிருந்தாலும் ரயில எடுத்துடணும்னு எனக்கு தோணியிருக்காது.

ஒரே எடம், ஒரே விஷயம்னு திரும்பத் திரும்ப போட்டா போரடிக்காதா?

அடிக்கும். அந்த கால் ஸ்டடியே சலிப்புல வந்ததுதான். பத்தாவது தடவைக்கு மேல கண்ணுக்கு தெரிஞ்சதெல்லாம் தீந்து போயி, வேற வழியில்லாம புதுசா பாக்க ஆரம்பிக்கும். மோனே 1890, 91-ல வைக்கோல் போரையே வேற வேற நேரத்துல வேற வேற பனில போட்டுகிட்டு இருந்தாரு. நம்ம காலேஜ்ல படிச்ச ஆதிமூலம் சார் 1969 காந்தி நூற்றாண்டு சமயத்துல காந்திய நூறு ட்ராயிங் கிட்ட போட்டாரு, சிலதுல முழு உருவம், சிலதுல வெறும் கோடாவே காந்தி நடந்து போவாரு. காந்தி மூஞ்சி எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி, அதுல என்ன புதுசுன்னு விட்டிருந்தா அந்தக் கோடு வந்திருக்காது.

பெரிய ஆர்டிஸ்ட்ங்க படத்த காப்பி அடிக்கறது தப்பா?

கத்துக்கறதுக்கு தப்பே இல்ல, யாரோட படத்த பாத்து போட்டீங்கன்னு பின்னாடி எழுதிடுங்க, ஒங்க படம்னு வெளில காட்டாதீங்க, அவ்ளோதான். வான் கோ 1889, 90-ல ஆஸ்பத்திரில இருந்தப்போ மில்லே படங்களோட கருப்பு வெள்ள பிரிண்ட வெச்சுகிட்டு தன்னோட கலர்ல போட்டிருக்காரு. பிக்காசோ 1957-ல வெலாஸ்கெஸோட ஒரே ஒரு படத்த எடுத்துகிட்டு அத சுத்தி 58 கேன்வாஸ் பண்ணாரு. முழுசா நகல் எடுக்கறதவிட முதல் கேள்வில சொன்ன மாதிரி ஒரு கேள்வியோட போங்க.

எழும்பூர் மியூசியம் பக்கத்துலயே இருக்கு, வெள்ளிக்கெழம லீவு. அங்க ரவி வர்மா படத்துல பட்டுப் பொடவ மடிப்பு எப்படி மூணு டோன்லயே நிக்குதுன்னு பாருங்க. வெண்கலச் சிலைங்க இருக்கற பக்கம் திருவாலங்காட்டு நடராஜர் இருக்காரு, ஒத்தக் கால்ல நிக்கற ஒடம்போட பாரம் எப்படி எறங்குதுன்னு கேட்ல நின்னவங்கள வரஞ்ச மாதிரியே அவரையும் வரைங்க. ரெண்டு ட்ராயிங்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சப்போ எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு.

போட்டோ பாத்து பண்ணலாமா? ஏஐ கிட்ட கேட்டா அதுவே பத்து கம்போசிஷன் குடுக்குதே?

போட்டோ ஞாபகத்துக்கு உதவும். ஆனா மொபைல் கேமரா நெழல கருப்பா அடைச்சுடும் இல்லன்னா வானத்த வெளுத்துடும், நம்ம கண்ணு ரெண்டையும் சேத்துப் பாக்குது. அதனால எடத்துல ஒரு கலர் ஸ்டடி போட்டுட்டு, வண்டி ஹேண்டில் எப்படி வளையுதுங்கற மாதிரி விவரத்துக்கு மட்டும் போட்டோவ பாருங்க.

ஏஐ விஷயத்துல நான் பழைய ஆளு மாதிரி திட்டப் போறதில்ல. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஒறுத்துது, அது குடுக்கற பத்து கம்போசிஷன்லயும் 'காத்திருக்கும் மக்கள்'தான் இருக்கும், நான் மொதல்ல மனசுல வெச்சிருந்த அதே படம். பாதத்து மேல வெளிச்சம் போயி வந்தத நீங்க அங்க நின்னாதான் பாப்பீங்க. கத்துக்கற வயசுல அந்த நிக்கற நேரத்த யாருக்கும் குடுத்துடாதீங்க.

ஸ்டடி உயிரோட இருக்கு, அதையே பெரிய கேன்வாஸ்ல போட்டா செத்துப் போகுது. ஏன்க்கா?

கேட்டு படத்துல எனக்கும் இதேதான் ஆச்சு, மொத கேன்வாஸ் மூணுக்கு நாலு அடி, முழுசா வீணாப்போச்சு. காரணம் ஒண்ணு இல்ல. ஸ்டடில ஒரு மூஞ்சிய ஆறு தடவ பிரஷ்ஷ வெச்சு முடிச்சிருப்பீங்க, கேன்வாஸ்ல அதே மூஞ்சி எட்டு மடங்கு பெருசு, ஆனா கையில அதே சின்ன பிரஷ், ஆறு தொடுகை அறநூறு ஆயிடும், அதுல உயிர் போயிடும். படம் பெருசான அளவுக்கு பிரஷ்ஷும் பெருசாகணும், ஒக்காந்து வரையாம நின்னு தோள்லேந்து வரையணும்.

ரெண்டாவது, ஸ்டடில தற்செயலா வந்த ஒரு தீத்தல அழகா இருக்கேன்னு கேன்வாஸ்ல அப்படியே நகல் எடுக்கப் பாக்கறது. தற்செயல நகல் எடுக்க முடியாது. அந்தத் தீத்தல் ஏன் நல்லா இருந்துச்சுன்னு கண்டுபுடிங்க. என் ஸ்டடில வெளிச்சப் பட்டைங்க ஒண்ணு அகலம் ஒண்ணு குறுகல்னு இருந்துச்சு, அவசரத்துல வந்தது, கேன்வாஸ்ல நான் ஒழுங்கா சம அகலத்துல போட்டுட்டேன், ஜன்னல் கம்பி நெழல் மாதிரி அசையாம நின்னுடுச்சு. ரயில் ஓடறதே அந்த ஒழுங்கில்லாத அகலத்துலதான் இருந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது.

இன்னொண்ணு, எல்லா கேள்விக்கும் ஸ்டடிலயே பதில் கண்டுபுடிச்சுட்டு கேன்வாஸுக்கு வராதீங்க. ஒண்ண பாக்கி வெச்சுட்டு வாங்க. ரெண்டாவது கேன்வாஸ்ல பின்னணிய நான் முடிவு பண்ணாமதான் ஆரம்பிச்சேன், அது மூணு தடவ மாறுச்சு, படம் கடைசி வரைக்கும் என்ன தூங்க விடல.

ஸ்டடியே போட்டுகினு கீறேன், பெரிய படத்துக்கு பயந்துதான் ஓடறேனோன்னு தோணுது

தோணுச்சுன்னா நிஜமாவும் இருக்கலாம். நான் வெச்சிருக்கற அளவு இது: அடுத்தடுத்து மூணு ஸ்டடில அதே பதில் வந்தா அந்தக் கேள்வி முடிஞ்சுது, கேன்வாஸ மாட்டு. பெரிய படம் ஆரம்பிச்சுட்டா ஸ்டடி நிக்கணும்னும் இல்ல. பிக்காசோ குவெர்னிகாவுக்கு 1937 மே 1 அன்னிக்கு மொத ஸ்கெட்ச் போட்டு ஜூன் ஆரம்பத்துல படத்த முடிச்சாரு, கேன்வாஸ் நடந்துகிட்டு இருக்கும்போதே பக்கத்துல தனித்தனி பேப்பர்ல அழற மூஞ்சி, குதிர தலன்னு போட்டுகிட்டேதான் இருந்தாரு. மாட்டிகிட்ட எடத்த வெளில எடுத்து ஸ்டடி போட்டு பாத்துட்டு திரும்ப உள்ள போங்க.

எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப வரும்?

பெயிண்டர் கே.சி.எஸ். பணிக்கர் பொறந்தது 1911. வருஷக்கணக்கா வாட்டர்கலர்ல லேண்ட்ஸ்கேப், அப்புறம் மனுஷங்க, இப்படியெல்லாம் போயி எழுத்தும் குறியீடுமா அவரு பண்ண வரிச 1963-லதான் ஆரம்பிக்குது, அம்பத்திரண்டு வயசு. ஒங்களுக்கு பத்தொம்பது ஆகுது. பின்பக்கம் எழுதற கேள்விங்கள வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா படிங்க, திரும்பத் திரும்ப என்ன கேட்டிருக்கீங்கன்னு தெரியும், ஒங்க ஆசை எங்க இருக்குன்னு அதுல இருக்கும்.

முன்னேறுறேனா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? பழசெல்லாம் பாத்தா கிழிச்சுப் போடலாம்னு இருக்கு

கிழிக்காதீங்க. நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே பித்தள சொம்ப, அதே ஜன்னல் பக்கத்துல வெச்சு ஒரு மணி நேரத்துல போடறேன், அத வரிசையா மாடில பரப்பி செங்கல் வெச்சுட்டு தூரத்துலேந்து பாத்தா போதும், யாரையும் கேக்க வேணாம். சில வருஷம் பின்னாடி போயிருக்கும், அதுவும் தெரியும்.

பத்திரமா வைங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைல வீட்டுக்குள்ள தண்ணி வந்து கீழ் அலமாரில இருந்த நோட்டெல்லாம் நனஞ்சுது. பென்சிலும் பால் பாயிண்ட்டும் போட்ட பக்கம் காஞ்சதும் தப்பிச்சுது, ஸ்கெட்ச் பேனா போட்ட பக்கம் கரஞ்சு ஓடிடுச்சு, ரெண்டு வருஷ கலர் ஸ்டடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிச்சு. இப்ப எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால பரண் மேல இருக்கு.

இன்னாமா, புள்ள டெய்லி கிறுக்கிகினே கீறான், இதுல சம்பாத்தியம் வருமா?

ஒரு அப்பா கேட்டாரு, நியாயமான கேள்விண்ணா. ஸ்டடிய யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் பேனர் எழுதறவங்க பொழப்பு எப்படி போச்சுன்னு நீங்களே பாத்திருக்கீங்க. அனிமேஷன், சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்ட், புத்தகப் படம், ஸ்கூல் ட்ராயிங் மாஸ்டர்னு வேல இருக்கு, எல்லா எடத்துலயும் மொதல்ல கேக்கறது நோட்டு காட்டுங்கறதுதான், முடிச்ச படத்தவிட கிறுக்கின நோட்டுலதான் பையன் எப்படி யோசிக்கறான்னு தெரியும். அதுக்குள்ள ஒரு பகுதி நேர வேலைக்குப் போனாலும் தப்பில்ல, தெனம் அர மணி நேரம் மட்டும் அவன்கிட்டேந்து எடுத்துடாதீங்க.

நம்ம ஏரியா ஜனங்க கஷ்டத்த வரஞ்சு கேலரில மாட்டி பேரு வாங்கறது சரியாக்கா?

ரெண்டாம் வருஷம் படிக்கற பொண்ணு கேட்டது, அன்னிக்கு கிளாஸே நின்னுடுச்சு. வெளிலேந்து வர்றவங்க வடசென்னைன்னா அழுக்கு, புகை, சண்டன்னு முடிவு பண்ணிட்டு வந்து அத மட்டும் எடுத்துட்டுப் போறத பாத்து எனக்கும் கோவம் வந்திருக்கு. ஆனா இங்கயே பொறந்தேங்கறதால எனக்கு மட்டும் அந்த உரிமை தானா வந்துடாது. நான் பண்றது, யார வரஞ்சேனோ அவங்ககிட்ட அந்தத் தாள காட்டறது. வேணாம்னு சொன்னா அந்தப் பக்கம் வெளில போகாது.

கேட்டு பக்கத்துல பூ விக்கற ஒரு ஆயா இருந்தாங்க, அவங்கள நாலஞ்சு தடவ போட்டேன், கன்னத்து சுருக்கம், கண்ணுக்கு கீழ தொங்கற தோலு எல்லாம் ரொம்ப கவனமா போட்டு காட்டினேன். நோட்ட தூரமா புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. "எல்லாம் போட்ட, என் மூக்குத்திய வுட்டுட்டியே, எங்கம்மா போட்டதுடி அது"ன்னாங்க. இப்ப கேன்வாஸ்ல எடதுபக்கம் இருக்கறது அவங்கதான், வெளிச்சப் பட்ட மூக்குத்தி மேல விழறதுக்காக அத ரெண்டு இஞ்ச் நகத்தினேன்.